சந்தனத்துக்கு வாரண்டி கிடையாது

கடத்தூர்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பும் பொறுமையும் மிகுந்த மச்சான் நவநீதனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் மாதவராஜ் எழுதுவது. காரிமங்கலத்தில் நீயும் உன் வீட்டாரும் மாடு கன்றும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அக்கா நிர்மலாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

பொங்கலுக்கு மறுநாள் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, ஐஸ்வர்யா பதினொண்ணாவது படிக்கறா, பாடம் பாக்க டேப்லட் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. ஆறாயிரத்துக்கே கெடைக்குதாம். நீங்கதான் கார்த்திகையிலயே வாங்கிட்டீங்களே, அத வாங்கலாமா, வேண்டாமா?" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பதினோரு நாள் யோசித்தாயிற்று. வாங்காதே. இந்த ஒரு வார்த்தையைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாய். அதற்குப் பதில் சொல்ல நான் இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்கிறது, இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நான் எப்படி இதில் மாட்டினேன் என்று முதலில் சொல்கிறேன். உன் அக்காவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் காது போனது உனக்குத் தெரியும். முகாமில் ஒரு காது மெஷின் கொடுத்தார்கள். அதைப் போட்டால் குக்கர் விசிலும் டவுன் பஸ் ஹாரனும் துல்லியமாகக் கேட்கிறதாம், மனுசர் பேச்சு மட்டும் கேட்கவில்லையாம். கழற்றி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தவள்தான், மறுபடி தொடவில்லை. அதிலிருந்து புனேயில் இருக்கும் எங்கள் பாரதி ஞாயிற்றுக்கிழமைகளில் பேசும்போது நான்தான் நடுவில் நிற்பவன். அவள் சொல்வதை நான் கேட்டு, உன் அக்காவின் இடது காதில் வாயை வைத்துக் கத்துவேன். பாதி கேட்கும், மீதியை ஊகித்துக்கொள்வாள். எதிர்வீட்டுக் காசியம்மாளுக்கு மட்டும் முழுவதும் கேட்கும். ஒரு நாள், "பாரதிக்கு சளி புடிச்சிருக்குதாம்!" என்று நான் கத்தி முடிப்பதற்குள், "மொளகு ரசம் வெக்கச் சொல்லுங்கண்ணா!" என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது, உன் அக்கா இன்னும் "என்னது, பழியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் சுருக்கிச் சொல்லப் பழகிவிட்டேன். மகள் பத்து நிமிடம் பேசினால், நான் "நல்லா இருக்காளாம், சாப்ட்டியான்னு கேக்கறா" என்று முடித்துவிடுவேன்.

பாரதிதான் பிடிவாதம் பிடித்தாள். "ஒங்க போன்ல அம்மாவுக்கு எம் மூஞ்சி தபால் தலை அளவுக்குத்தான் தெரியும்ப்பா, அதுவும் ஒடஞ்ச கண்ணாடில. ஒரு பெரிய ஸ்க்ரீனா வாங்குங்க, நான் காசு அனுப்பறேன்" என்றாள். மகள் காசு அனுப்பி அப்பன் வாங்குவதா என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது. ரோசம் மட்டும் உயர்ந்த ரகமாக வந்தது, டேப்லட் மலிவான ரகமாகப் போதும் என்று தோன்றியது. தருமபுரிக்குப் போய், ஒரு கடையில், வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு டேப்லட்டை எடுத்தேன். "உழைக்குமா?" என்று கேட்டேன். "வெச்சிக்கற விதத்துல இருக்குதுங்கண்ணா" என்றார் கடைக்காரர். முப்பத்தொரு வருடம் பால் சொசைட்டியில் உட்கார்ந்து, சொம்பைப் பார்த்த மாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொன்னவன் நான். வெள்ளையாக இருப்பதெல்லாம் பால் இல்லை என்று எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன்! அப்படிப்பட்டவன், கண்ணாடி பளபளப்பாக இருக்கிறதே என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஐஸ்வர்யாவுக்குப் படித்துக் காட்டு. காலையில் ஆன் செய்தால் அது கண் விழிப்பதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்துவிடலாம். ஒரு படத்தைத் தொட்டால் பக்கத்துப் படம் திறக்கும், அதை மூடத் தொட்டால் ஒரு பெண் தோன்றி ரம்மி விளையாடக் கூப்பிடுவாள். வெயிலில் கொண்டுபோனால் நம் முகம்தான் தெரியும். சார்ஜ் நாற்பது இருப்பதாகக் காட்டும், கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அணைந்துவிடும். நாலு போட்டோ எடுத்தால் இடம் இல்லை என்கிறது. வாரம் ஒருமுறை ஏதோ அப்டேட் கேட்கிறது, பாவம் என்று கொடுத்தால் இன்னும் மெதுவாகிவிடுகிறது. இதெல்லாம் அதன் பிறவிக் குணம். இதற்கு மேல் நாங்கள் செய்தது வேறு.

வியாழக்கிழமை வாங்கினேன், மறுநாள் வெள்ளிக்கிழமை. புதுப் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு பூசை போடாமல் இருக்க முடியுமா? சொசைட்டிக்குப் பால் டெஸ்ட் பார்க்கும் மெஷின் வந்தபோது நானே அதற்கு மூன்று பட்டை விபூதி போட்டவன். உன் அக்கா டேப்லட்டைப் பலகையில் நிறுத்தி, நாலு மூலைக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். மேலே நடுவில் கறுப்பாக ஒரு சின்னப் புள்ளி இருந்தது. நெற்றி மாதிரி இடம், அங்கே வெறுமையாக விடுவானேன் என்று அங்கேயும் ஒரு பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள். நானாவது சும்மா இருந்திருக்கலாம். அடிப்பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்ததைப் பார்த்து, "இந்தப் பக்கம் வைக்கலியே" என்று கையைக் காட்டினேன். அம்மிக்கு வைப்பது போலத் தாராளமாக அப்பிவிட்டாள். இரண்டு பேரும் விழுந்து கும்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பாரதி வீடியோவில் வந்தாள். வந்ததும், "என்னப்பா ஒரே செவப்பா தெரியுது, வூட்டுல எதுனா தீ புடிச்சிருச்சா?" என்று அலறினாள். அலறினாள் என்று அவள் பிறகு போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு, கிணற்றுக்குள் யாரோ தொண்டையைக் கனைப்பது போல இரண்டு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். நான் ஈரத்துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தேன். பொட்டு போய் முகம் தெரிந்தது. ஓட்டைகளில் இருந்த சந்தனம் மட்டும் வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போய்விட்டது, கனைப்புச் சத்தமும் நின்றது. இயர்போன் சொருகலாம் என்று பார்த்தால் அந்த ஓட்டையிலும் சந்தனம். திங்கட்கிழமை கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், "தண்ணிக்கும் வாரண்டி இல்லீங்க, சந்தனத்துக்கும் இல்லீங்கண்ணா" என்று பயபக்தியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஒரு போஸ்ட் கார்டில் எழுதியிருப்பேன். அதற்கு மேல்தான் இருக்கிறது விசயம். ஊமையாகிப்போன அந்தச் சாமானை மூலையில் போடுவாள் என்று பார்த்தால், உன் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு மகளின் முகத்தையே பார்க்க ஆரம்பித்தாள். சத்தம் இல்லாதது எனக்குத்தானே குறை, அவளுக்கு என்ன? பாரதியும் புரிந்துகொண்டு, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். மூன்றாவது வாரம் பார்க்கிறேன், உன் அக்கா, "அதுக்கு ஏண்டி புளி ஊத்தின?" என்று இங்கிருந்து கேட்கிறாள், அங்கே மகள் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறேன், எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. "என்ன சொல்றா?" என்று சைகையில் கேட்டேன். "நல்லா இருக்காளாம்" என்றாள். "இவ்ளோ நேரம் பேசினாளே?" என்று கையை விரித்தேன். "சாப்ட்டீங்களான்னு கேட்டா" என்றாள். மச்சான், அந்தப் பதிலின் ருசி எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடமாக வாராவாரம் அவளுக்கு நான் கொடுத்தது அதுதான்.

இப்போது எழுதப்போவதை உனக்கும் நான் சொல்லவில்லை. போன ஆவணியில் பாரதிக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. முழுகாமல் இருந்ததையே அதுவரை அவள் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் பேசினாள். "அம்மாகிட்ட சொல்லுங்கப்பா, அம்மாவ வரச் சொல்லுங்கப்பா" என்று அழுதாள். உன் அக்கா பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை எப்படி நான் கத்திச் சொல்வேன்? தெருவில் ஆள் நடமாட்டம். எதிர்வீட்டில் காசியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வார்த்தையைத் தெருவே கேட்கிற மாதிரி ஓங்கிச் சொல்ல எனக்குத் தொண்டை வரவில்லை. "பாரதிக்குக் காய்ச்சல்! ரெண்டு நாள் லீவாம்!" என்று கத்தினேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு என்பது ஒரு வாரமாகி, ஒரு மாதமாகி, இனிமேல் சொன்னால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. இதில் இன்னொன்றும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். அவள் புனேக்குப் போய்விட்டால் எனக்குக் களி கிண்டிப் போட யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பும் என் மனசின் ஓரத்தில் இருந்தது. ஊரார் பாலில் தண்ணீரைக் கண்டுபிடித்தவன், என் மகள் பேச்சில் நானே தண்ணீர் ஊற்றினேன். செய்தி தெரிந்தும் அம்மா வரவில்லை என்றுதான் ஐந்து மாதமாக அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் அதை நேரடியாகவே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டிருந்த உன் அக்காவின் முகம் மாறியது. மறுபடி சொல் என்று விரலைக் காட்டினாள். மகள் மறுபடி சொன்னாள். எனக்குச் சத்தம் இல்லை, ஆனாலும் என்ன பேச்சு என்று விளங்கிவிட்டது. உன் அக்கா டேப்லட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மகள் கன்னத்தைத் தடவினாள். அந்தத் தரித்திரம் பிடித்த கண்ணாடி அதையும் ஏதோ உத்தரவு என்று எடுத்துக்கொண்டு, படத்தை மூடிவிட்டு ரம்மிக்காரியைக் கூப்பிட்டது. நான் அவசரமாகத் தட்டித் தட்டி மறுபடி மகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அன்றைக்கு என்னால் ஆன உதவி அதுதான்.

பேசி முடித்த பிறகு என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நான் வாசலைக் காட்டி, எதிர்வீட்டைக் காட்டி, தொண்டையைக் காட்டி ஏதேதோ செய்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "கத்த முடியலன்னா போவுதுங்க. நான் பத்தாவது படிச்சவதானுங்களே, ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் காட்டியிருக்கலாமில்லீங்க?" என்று கேட்டாள். முப்பத்தொரு வருடம் ரிஜிஸ்டர் எழுதிய கை இது, மச்சான். என் பையில் எந்நேரமும் பேனா இருக்கும். அந்த யோசனை எனக்கு ஒரு நாளும் வரவில்லை.

ஆகவே ஐஸ்வர்யாவுக்கு அந்த மலிவு டேப்லட் வேண்டாம். பாடம் படிக்கத்தானே, கொஞ்சம் பொறுத்து நல்லதாக வாங்கு, இல்லையென்றால் அச்சடித்த புத்தகத்தைப் படிக்கட்டும். மலிவுச் சாமான் செய்ய வேண்டியதைச் செய்வதில்லை. யாரும் கேட்காத காரியத்தைச் செய்து, நிம்மதியாக இருந்த மனுசனைச் சொந்த வீட்டிலேயே குற்றவாளியாக நிறுத்திவிடுகிறது.

உன் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தில் உள்ளதை அவர்களுக்கும் படிக்கக் கொடு, சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம். ஐஸ்வர்யா எல்லாப் பரீட்சையிலும் தேறி, கேட்ட காலேஜில் இடம் கிடைத்து, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் மாங்காய்த் தோப்பில் இந்த வருடம் பூ உதிராமல் பிஞ்சு பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்
மாதவராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உன் அக்கா வருகிற புதன்கிழமை, அழைத்துப்போக வரும் மருமகனோடு பாரதியிடம் புனேக்குப் போகிறாள், இரண்டு மாதத்துக்கு. டேப்லட்டும் அவளோடு போகிறது. அதனால் நீ அதே ஆறாயிரத்து ரகத்தில் இரண்டு வாங்கு, ஐஸ்வர்யாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தாமதம் செய்யாதே, புதன்கிழமை ராத்திரியிலிருந்தே எனக்கு வேண்டும். பாரதி பேச்சு புரிகிறதே, நான் பேசினால் மட்டும் ஏன் புரிவதில்லை என்று நேற்று உன் அக்காவிடம் சீட்டில் எழுதிக் கேட்டேன். "ஒங்க வாயி எங்கீங்க தெரியுது, மீசைதான் தெரியுது" என்றாள். நாற்பத்திரண்டு வருடத்து மீசை, கல்யாணப் போட்டோவிலேயே இருக்கிறது. இன்று காலையில் சலூனுக்குப் போய் எடுத்துவிட்டு வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல், "தப்பு என்னுதுதான்" என்று சொன்னேன். கடைசி எழுத்து வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது புரியுதுங்க, மூஞ்சிதான் யாருதுன்னு தெரியல" என்றாள்.