பதினாலாம் நம்பர் வீட்டுப் பரிவு

ஒரு தேயிலைத் தோட்டம் நடக்க வேண்டுமானால் மூன்று வேண்டும். மழை வேண்டும், ஆள் வேண்டும், இந்த இரண்டைப் பற்றியும் மேலிடத்துக்கு எழுதிப் போட ஒரு கிராணி வேண்டும். கேமரன் மலையில், கோலா தெர்லா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் புக்கிட் கெலாபு எஸ்டேட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆள் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. கிராணிக்கு ரொனால்ட் இருந்தார். இருபத்தாறு வருஷமாக இருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் எழுதாமல் விட்ட ஒரே புகார், தன் குவார்ட்டர்ஸில் அடுப்புக்கு மேலே கூரை ஒழுகுகிற புகார்தான். எழுதினால் அதை அவரே வாங்கி, அவரே நம்பர் போட்டு, அவரே ஃபைலில் கட்ட வேண்டும். எதற்கு வம்பு என்று அடுப்பை ஓரமாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.

தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பதினாலாம் நம்பர் வீட்டு டோரீன் அப்படிப்பட்டவள் இல்லை. ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிற வேலை அவளுக்கு. வாய் கொஞ்சம் நீளம். நியாயமும் அவள் பக்கம் இருந்து தொலைத்தது, அதுதான் ஆபீசுக்குப் பெரிய தலைவலி.

"அண்ணே, முன்னறையில ஒழுகுனப்ப நான் வாயத் தெறந்தனா? இப்ப நடு ரூம்ல ஒழுகுது. ஈப்போவுல கட்டிக் குடுத்த எம்மவ டிஃபனி பிள்ளப்பேறுக்கு இங்கதான் வந்திருக்கா. நவம்பர் கடைசியில நாள் சொல்லியிருக்காங்க. இந்தக் குளிர்ல பச்சப்புள்ள மேல சொட்டுச்சுன்னா என்னா ஆவும்? அதுக்குள்ள புதுத் தகரம் போட்டுக் குடுத்துருங்க லா."

ரொனால்டுக்கும் மனசு உண்டு. அவர் எழுதினார். ஆச்சரியம் பாருங்கள், மேலிடம் ஒத்துக்கொண்டது. இருபது புதுத் தகரம் லோரியில் வந்து ஸ்டோரில் இறங்கியது. பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. துரை ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால், ரிப்பேர் வேலை பார்க்கும் வீரப்பன் இரண்டே நாளில் ஏறி அடித்துவிடுவான்.

துரைதான் ஊரில் இல்லை. மேனேஜர் குகனேஸ்வரன் துரை, புத்துயிர் பெறுவதற்காக லங்காவிக்குப் போயிருந்தார். உலகமே புத்துயிர் பெறுவதற்குக் கேமரன் மலைக்கு ஏறி வருகிறது. கேமரன் மலையில் இருக்கிறவர் எங்கே போவார்? கடற்கரைக்குத்தான் இறங்க வேண்டும். "பரிவு, நோக்கம், சுய புத்தாக்கம்: நாளைய தலைவர்களுக்கான மும்முனைப் பயிலரங்கு" என்று கடிதத்தில் போட்டிருந்தது. அதை ஃபைலில் கட்டியவர் ரொனால்ட்தான்.

நான்காம் நாள் துரை திரும்பி வந்தார். போனவர் வேறு, வந்தவர் வேறு. கையில் மணி கோத்த வளையம். காலில் செருப்பில்லை, மண்ணோடு தொடர்பு வேண்டுமாம். இத்தனை ஏக்கர் தேயிலைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஜப்பான்காரன் பச்சைத்தூளை மூங்கில் குச்சியால் கலக்கிக் குடித்தார். முதல் நாளே தோட்டத்தில் அட்டை கடித்தது. "அதுக்கும் ஒரு பசி இருக்குல்ல, ரொனால்ட்" என்று கண் கலங்கினார். புதிய பரிவு முதலில் அட்டைக்குத்தான் கிடைத்தது.

மறுநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு ஆளை மலைக்கு அனுப்புகிற அந்த நேரத்தில், துரை எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். யாரோ செத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு பங்களாதேஷ்காரர்கள் துஆ ஓதினார்கள். நேப்பாளத்துப் பையன்களும் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார்கள். யார் செத்தது என்று மட்டும் கடைசி வரை ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கே ரொனால்ட், தகரத்தை வெளியே எடுப்பதற்கான சீட்டை நீட்டினார்.

"சார், பதினாலாம் நம்பர் வீடு. தகரம் ஸ்டோர்ல ரெடி. இங்க ஒரு கையெழுத்து."

துரை பேனாவை எடுத்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு கீழே வைத்தார்.

"அந்த அம்மாவோட வலிய நாம கேட்டோமா, ரொனால்ட்?"

"கேட்டாச்சு சார். மூணு புகார் இருக்கு. ஃபைல்ல கட்டியிருக்கேன்."

"ஃபைல் கேட்டுச்சு. நாம கேட்டோமா?" என்று துரை ஒரு கையேட்டைத் திறந்தார். பதினோராம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: 'தலைவன் தீர்வு சொல்லக் கூடாது. தீர்வு வந்ததும் கேட்பது நின்றுவிடும்.' அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. வருஷ முடிவுக்குள் ஒவ்வொரு மேனேஜரும் நாற்பது மணி நேரம் பரிவு காட்டி, அதைப் பதிவேட்டில் ஏற்றி, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

"இப்ப எனக்கு எத்தனை மணி நேரம் ஆயிருக்கு?"

"அட்டைக்குக் கால் மணி நேரம் போட்டிருக்கேன் சார்."

"பாத்தீங்களா! தகரத்தப் போட்டுட்டா, மிச்ச மணி நேரத்துக்கு நான் எங்க போறது?"

ரொனால்ட் யோசித்துப் பார்த்தார். வாதத்தில் ஓட்டை இல்லை. ஓட்டையெல்லாம் டோரீன் வீட்டுக் கூரையில்தான் இருந்தது.

அன்று மத்தியானமே துரை பதினாலாம் நம்பருக்குப் போனார். ரொனால்ட் பதிவேட்டோடும் கடிகாரத்தோடும் பின்னாலே போனார். மழை பிடித்துக்கொண்டது. டோரீன் நடு ரூமில் ஒழுகுகிற இடத்தில் பேசின் வைத்திருந்தாள். வாயும் வயிறுமாக டிஃபனி மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேசினை எடுத்துடுங்கம்மா. அது அனுபவத்துக்குத் தடையா இருக்கு" என்றார் துரை.

பேசினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துரை சப்பணம் போட்டு உட்கார்ந்தார். டங் டங்கென்று பேசினில் விழுந்த தண்ணீர் சொத் சொத்தென்று துரை தலையில் விழுந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். எழுந்தபோது கண்ணிலும் தண்ணீர், மூக்கிலும் தண்ணீர்.

"உங்க வலி எனக்குக் கேக்குதும்மா" என்றார், நெஞ்சில் கை வைத்து.

"கேட்டுச்சுல்ல துரை? அப்ப தகரம்?"

"அவசரப்படாதீங்க. இன்னும் நல்லாக் கேக்கணும்."

துரை போன பிறகு டோரீன் ரொனால்டைப் பிடித்துக்கொண்டாள். "என்னாண்ணே இது கூத்து? காது கேக்காத மனுசனா இருந்தாக்கூட இந்நேரம் கேட்டிருக்குமே!"

ஸ்டோர் சாவி ரொனால்ட் இடுப்பில்தான் தொங்கியது. தகரத்தை அவரே தூக்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கையெழுத்தில்லாமல் ஒரு ஆணியைக்கூட அவர் வெளியே விட்டதில்லை. அந்தப் பெருமையை விட மனசு வரவில்லை. "மேலுக்கு எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் துரை நான்கு முறை வந்து நனைந்தார். அவர் நனைகிற படம் மேலிடத்துக்குப் போனது. மற்ற எஸ்டேட் மேனேஜர்களுக்குப் பொறாமை வந்துவிட்டது. அவர்களுக்கு இவ்வளவு வசதியான ஒழுகல் கிடைக்கவில்லை போலும். ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். யார் எந்த மணிக்கு டோரீன் வீட்டில் நனைவது என்று ரொனால்ட் அட்டவணை போட்டு ஆபீஸ் வாசலில் ஒட்டினார். ஒரு நாள் வீரப்பன் பொறுக்க மாட்டாமல் ஏறி, தார் பூசி ஒரு ஓட்டையை அடைத்துவிட்டான். அடுத்த நாளே அவனுக்குக் காரணம் கேட்டு லெட்டர் வந்தது: 'நிறுவனத்தின் பரிவு வளத்திற்குச் சேதம் விளைவித்தது குறித்து.' லெட்டரை அடித்தவர் ரொனால்ட். அடைத்த ஓட்டையை வீரப்பனே ஏறிப் பிரித்துவிட்டான்.

பிறகுதான் கோலாலம்பூரிலிருந்து வனஸ்ஸா வந்தார். பயிலரங்கு நடத்துகிறவர் அவர்தான். 'உள்ளொளி வழிகாட்டி' என்று சட்டையில் எழுதியிருந்தது. மேலிடத்துப் பெரியவர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு பதினாலாம் நம்பருக்குள் நுழைந்தார். பார்த்தால், வெளியே சுள்ளென்று வெயில். கேமரன் மலையில் மழையை நம்பினாலும் நம்பலாம், வேண்டும் என்கிற நேரத்தில் அது வருமா? துரைக்கு வேர்த்துவிட்டது. வீரப்பனைக் கூரைமேல் ஏற்றி, ரப்பர் குழாயால் தண்ணீர் அடிக்கச் சொன்னார். பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உணர்ந்தார்கள். டோரீன் மகளைக் குடைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் முணுமுணுத்தாள். அதையும் வனஸ்ஸா 'ஆழ்மனப் பகிர்வு' என்று எழுதிக்கொண்டார்.

"அனுபவம் அருமை. ஆனா நம்பகத்தன்மை இல்ல" என்றார் வனஸ்ஸா. "வானிலைய நம்பித் தலைவர்கள உருவாக்க முடியாது."

அதற்கும் தீர்வு இருந்தது. ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு பரிவுக் கூடம் எழும்பியது. டோரீன் வீட்டை அளந்து, அதே நடு ரூம், அதே மூலை. கூரைக்குத் தகரம் வேண்டுமே? ஸ்டோரில்தான் இருபது இருக்கிறதே! துரை இப்போது கையெழுத்துப் போட்டார், இந்த முறை பேனாவைக் கீழே வைக்கவில்லை. புதுத் தகரத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, துருப்பிடித்த மாதிரி பெயிண்ட் அடித்தார்கள். மேலே ஒரு தொட்டி, ஒரு பம்ப், கதவோரம் ஒரு குழாய். திருகினால் ஒழுகும், மூடினால் நிற்கும். நிஜ மழை உள்ளே வந்து பயிற்சியைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா? அதற்காக எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு சொட்டு இறங்காத கான்கிரீட் கூரை. தலைவர்களுக்குச் சளி பிடிக்கக் கூடாது என்று ஒரு ஹீட்டரும் வைத்தார்கள்.

நவம்பர் கடைசியில் டிஃபனிக்கு தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. டோரீன் நனைந்தபடியே ஆபீசுக்கு வந்தாள். ரொனால்ட் பயந்துபோய் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அவள் கத்தவில்லை. "அண்ணே, அந்தக் கூடத்துல தண்ணிய நிறுத்தக் குழா இருக்காமே?"

"இருக்கு."

"எங்க வூட்டுல அது இல்லண்ணே. சாவியக் குடுங்க."

ரொனால்ட் வாசல் பக்கம் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த காரின் பின் சீட்டில் டிஃபனி, துண்டில் சுற்றிய ஒரு சின்ன மூட்டையை மாரோடு அணைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, கையெழுத்தில்லாமல் கூடத்துச் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். கொடுத்த கையோடு பழக்கதோஷம் விடுமா? பதிவேட்டில் ஏற்றினார்: 'முழுநேர உள்ளுறைப் பங்கேற்பாளர்கள், மூவர். ஒருவர் கைக்குழந்தை.'

திங்கட்கிழமை வனஸ்ஸா பன்னிரண்டு புதுத் தலைவர்களோடு வந்தார். வெளியே அடைமழை. உள்ளே ஹீட்டர் கதகதவென்று எரிந்தது. ஒழுக வேண்டிய பைப்பில் குழந்தைத் துணி காய்ந்தது. அதற்குக் கீழே டிஃபனியும் பிள்ளையும் அயர்ந்து தூங்கினார்கள்.

வனஸ்ஸா மெய்சிலிர்த்துப்போனார். "எவ்வளவு உண்மையா இருக்கு! கொஞ்ச நேரம் மட்டும் குழாயத் திறந்துக்கலாமா?"

"தாராளமாத் தெறங்கம்மா" என்றாள் டோரீன். "யாரு தெறக்குறீங்க? பிள்ள மொகத்தப் பாத்துக்கிட்டே தெறங்க."

பன்னிரண்டு தலைவர்களும் குழாயைப் பார்த்தார்கள். துரை ரொனால்டைப் பார்த்தார். ரொனால்ட் பதிவேட்டைப் பார்த்தார். யாருக்கும் கை போகவில்லை. கடைசியில் எல்லாரும் சத்தமில்லாமல் வெளியே போய், நிஜ மழையில் வட்டமாக நின்று, தொப்பலாக நனைந்து உணர்ந்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு வாரத்தில் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பரிவில் புக்கிட் கெலாபுதான் முதலாம். அதற்குப் பரிசாக இரண்டாவது கூடம் ஒன்று கட்ட அனுமதி. லயத்துக் கூரைகள் விஷயம் 'உரிய காலத்தில் பரிவுடன் பரிசீலிக்கப்படும்' என்று கடைசி வரியில் இருந்தது.

அன்றைக்கு வீரப்பன் டோரீனிடம் வந்து தலையைச் சொறிந்தான். "அக்கா, எங்க வூட்டுலயும் ஊத்துது. எம்பொண்டாட்டிக்கு இருமல். கூடத்துல ஒரு ஓரமா பாய் போட்டுக்கவா?"

டோரீன் உள்ளே திரும்பிப் பார்த்தாள். இடம் இருந்தது. ஹீட்டர் இருந்தது. அவள் மெதுவாக நெஞ்சில் கை வைத்தாள்.

"ஒன் வலி எனக்குக் கேக்குதுடா தம்பி. கிராணிகிட்டப் பாரம் வாங்கி நெரப்பிக் குடு."

ரொனால்ட் பாரம் அடித்தார். 'முழுநேர உள்ளுறைப் பங்கேற்பாளராக விண்ணப்பம்.' சாயங்காலத்துக்குள் மொத்த லயமும் வாசலில் வரிசை பிடித்துவிட்டது. அவர்களுக்கு முன்னாலேயே முதல் பாரத்தில் ரொனால்ட் தன் பேரை எழுதி, நம்பர் போட்டு, ஃபைலில் கட்டியிருந்தார். அடுப்புக்கு மேலே ஒழுகுகிறதே, பாவம் அவரும் மனுஷன்தானே!

வரிசை கலைந்த பிறகு குகனேஸ்வரன் துரை ஆபீசுக்குள் வந்து கதவைச் சாத்தினார். காலில் செருப்பு போட்டிருந்தார்.

"ரொனால்ட், யார்கிட்டயும் சொல்லாதீங்க. பங்களாவுல என் கட்டிலுக்கு நேரா ஒழுகுது. ரெண்டு வருஷமா மேல எழுதுறேன், ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான். அந்த லிஸ்ட்ல என்னைக் கொஞ்சம் முன்னாடி போட முடியுமா?"

ரொனால்ட் பேனாவைக் கீழே வைத்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"உங்க வலி எனக்குக் கேக்குது சார்" என்றார். "பாரத்த நெரப்பிக் குடுத்துட்டுப் போங்க."