ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு எந்த வைன்?

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி தின்றே தீருவது என்று முடிவெடுத்தேன். என் வீட்டில், என் மேசையில், என் பல்லால். கட்டின பல்தான், ஆனாலும் என் பல்.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று சொன்னவர் டாக்டர். தண்டனையைத் தன் கையில் எடுத்தவள் என் மனைவி அக்னெஸ். அன்றிலிருந்து காலையும் குரக்கன் புட்டு, இரவும் குரக்கன் புட்டு, அதே கறுத்தக் கேழ்வரகு மா. இந்தப் பனி நாட்டுக்கு வந்து சென்ட் லோரன்ட் கிடங்குகளில் காலமெல்லாம் பெட்டி தூக்கிய மனுசனுக்கு இதுவா சாப்பாடு? பார்க் எக்ஸ்டென்ஷன் இறைச்சிக் கடைக்காரன் நான் செத்துப்போனேன் என்றே நினைத்திருப்பான்.

வழி காட்டியவன் வின்சன்ட், அக்னெஸின் தம்பி. அவனை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பாத்திமா மாதாவைக் கும்பிடப் போர்த்துக்கல் போனவன், அங்கே ஒரு வைன் தோட்டத்தையும் கும்பிட்டுவிட்டு வந்தான். வந்த கையோடு, போன வருசம் என் பிறந்தநாளில், சபை நடுவே, "மீன் குழம்புக்குச் சிவப்பு வைனோ அத்தான்?" என்று சிரித்தான். நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

இப்போது அந்தத் தோட்டத்து வைனில் மூன்று போத்தலோடு ஞாயிறு சாப்பிட வருகிறானாம். போனிலேயே பாடம் நடத்தினான். வெள்ளைக்கு மீன். சிவப்புக்கு இறைச்சி. இனிப்பான போர்ட் வைனுக்கு முட்டை போட்ட இனிப்பு. மாறி வைத்தால் வைனுக்கும் அவமானம், சாப்பாட்டுக்கும் அவமானம்.

என் மூளை விழித்துக்கொண்டது.

"அக்னெஸ், ஞாயிறு என்ன சமைக்கப் போறீர்?"

"புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்."

"உம்மட தம்பி கொண்டு வாறது போர்த்துக்கல் வைன். வெள்ளைக்கு விளைமீன் பொரியல் வேணும். சிவப்புக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல், எலும்போட. போர்ட்டுக்கு வட்டிலப்பம்."

"ஆருக்கு வட்டிலப்பம்?"

"வைனுக்கு."

"நீங்கள்தான் குடிக்கிறேல்லையே."

அது உண்மை. போன பனிக்காலத்தில் ஒரு காலை என் காரைக் காணவில்லை. காரைக் காட்டினால் அடுத்த நத்தாருக்குப் பாலன் பிறக்கும் வரை ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று, தொலைந்ததைக் காட்டித்தரும் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். கார் அடுத்த தெருவில் நின்றது. பனி அள்ள வந்தவர்கள் இழுத்துக்கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவர்கள் செய்த வேலைக்கு அந்தோனியார் கூலி எடுத்துக்கொண்டார்.

"நான் குடிக்காட்டி என்ன? அந்த வைனும் அந்தச் சாப்பாடும் புருசன் பெண்சாதி மாதிரி. பிரிச்சு வைச்சாப் பாவம்."

"பிரிக்கவே கூடாதோ?"

"கூடவே கூடாது."

"சரி," என்றாள். இவ்வளவு லேசாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. என் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. பிரட்டல் வாசம் படியிறங்கிக் கீழ் வீடு வரை போனது. வின்சன்ட் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மணந்தான். தமக்கைக்கும் ஊற்றினான். நான் பிரட்டலுக்கு என் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினேன். அக்னெஸ் பிரட்டல் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்கட கிளாஸில என்ன இருக்கு?"

"தண்ணி."

"அப்ப இதை எப்பிடித் தாறது? பிரிச்சாப் பாவமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"விசர்க்கதை கதையாதையும். வின்சன்ட், நீ சொல்லு."

அவனிடம் நான் நியாயம் கேட்டது அன்றுதான். அவன் எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தான்.

"அக்கா சொல்லுறது சரி அத்தான். இந்தப் பிரட்டலை வைனில்லாமல் தின்னுறது ரெண்டுக்கும் அவமானம்."

"அப்ப எனக்கும் ஊத்து."

கிளாஸை நீட்டிவிட்டேன். அக்னெஸ் சுவரில் இருந்த அந்தோனியாரைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே இந்தப் பனிக்காலத்து முதல் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் பனிக்குள்தான் என் கார் நின்றது.

கிளாஸைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

"தண்ணிக்குப் பொருத்தமாச் சாப்பாடே இல்லையோ?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லை?" என்று அக்னெஸ் என் முன்னால் மூடிவைத்திருந்த மற்றச் சாப்பாட்டுக் கோப்பையைத் திறந்தாள். குரக்கன் புட்டு, சுடச்சுட.