ஏழாவது கார்டின் சூடு

திரை எண்பத்து நான்கு டிகிரி என்றது. கார்டுக் கம்பெனி அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்ததோ அறுபத்தெட்டு.

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்பத்தைந்து.

கம்ப்யூட்டருக்குள் செருகுகிற நடுத்தர விலை கிராஃபிக்ஸ் கார்டுதான். ஆனாலும் கஞ்சம் பிடிக்காமல் செய்த சரக்கு. இரண்டு காற்றாடி, நான்கு செப்புக் குழாய், கனத்த அலுமினியத் தகடுகளின் அடுக்கு. கையில் வைத்துப் பார்த்தால் குறை சொல்ல வாய் வராது. ஓட்டினால் அடுப்பு.

போன் அடித்தது. அவருடைய சோதனை அறிக்கைகளை வெளியிடும் பத்திரிகையின் ஆசிரியர் அம்மாள்.

"என்ன தம்பி, இதுவும் கொதிக்குதா?"

"கொதிக்குதுங்க மேடம்."

"இதுக்கு முந்தி ஆறு கார்டு. ஆறையும் 'சூடு தாங்கலை'ன்னு எழுதினீங்க. வேற எவனுக்கும் அப்படி வரல. ஏழு மூட்டையும் எடை குறைஞ்சா சந்தேகம் மூட்டை மேல வராது தம்பி, தராசு மேலதான் வரும்."

"என் தராசு சரியா இருக்குங்க மேடம்."

"அஞ்சு மணிக்குள்ள அறிக்கை வரட்டும். இதுவும் அதே பாட்டுன்னா, நான் வேற தராசு பாத்துக்கறேன்."

வீட்டுக் கூடத்தை மரத்தட்டியால் தடுத்த பாதிதான் பரிசோதகரின் சோதனைச்சாலை. சூடு உள்ளே தங்கக் கூடாதென்று, மேசைக்கடியில் கம்ப்யூட்டரின் முதுகுக்கு நேரே தட்டியில் சதுரமாக ஓர் ஓட்டையை அவரே அறுத்திருந்தார். அந்தப் பக்கம் மாமனாரின் நாற்காலி.

மாமனார் ஓய்வுபெற்ற கிடங்குக் கண்காணிப்பாளர். கொட்டும் மழையிலும் காலை நடையை விடாதவர். வீட்டில் பரிசோதகரின் தொழிலை மதிக்கிற ஒரே ஜீவன். "மெஷின் ஓடட்டும் மாப்பிள்ளை, நிறுத்திடாதீங்க" என்று தினமும் தட்டிக்கு மேலாக வாழ்த்துவார். அவர் பெற்ற மகள்கூட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பரிசோதகர் காற்றாடிகள் எல்லாவற்றையும் முழு வேகத்துக்கு ஏற்றினார். மேசை மாவு மில்லாக இரைந்தது. எண்பத்தொன்பது.

"இப்பத்தான் மாப்பிள்ளை காத்து காத்தா வருது!" என்றது தட்டி.

"நன்றிங்க மாமா" என்றார் பரிசோதகர்.

மேசைவிசிறியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் முகத்துக்கு எதிரே வைத்தார். தொண்ணூற்று இரண்டு. குளிர்ச்சி வரவில்லை; மனைவிதான் வந்தாள்.

"மூணு வாரமா மழை. வீடே நமுத்துப்போய்க் கிடக்கு. இருக்கற ஒரே விசிறியும் அதுக்கா?"

"இது பிழைப்பு விஷயம்."

"பிழைப்பு நமக்கா, அதுக்கா?"

பரிசோதகர் திருப்புளியைக் கையில் எடுத்தார். 'கழற்றினால் உத்தரவாதம் செல்லாது' என்ற சிவப்பு ஒட்டுத்தாளைக் கிழித்தார். தகடு அடுக்கைக் கழற்றி, சூடு கடத்தும் பசையை வழித்தெறிந்து, பட்டாணியளவு புதிதாக வைத்து மூடினார். நான்கு திருகில் ஒன்று உருண்டு எங்கோ போயிற்று. மூன்றோடு ஓட்டினார்.

தொண்ணூற்று ஆறு. கூடவே ஒரு வாடை. ஈரமும் வெதுவெதுப்புமாக, கம்பளி நனைந்தாற்போல.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். அறுபத்தெட்டு என்று தட்டிவிட்டால் வேலை தங்கும். விரல் ஆறு வரை போய் நின்றது. கள்ளத் தராசு பிடிப்பதைவிடக் கடையைச் சாத்திவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

'சூடு தொண்ணூற்று ஆறு. காற்றோட்டம் படுமோசம். இனம் தெரியாத வாடை. வாங்காதீர்கள்' என்று எழுதி அனுப்பினார்.

ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. 'இதுவரை செய்த வேலைக்கு நன்றி. இனி கார்டு அனுப்ப மாட்டோம்.'

பரிசோதகர் மெஷினை நிறுத்தினார். தட்டியைச் சுற்றிக்கொண்டு மாமனார் வந்தார், எதையோ மூட்டையாக மார்போடு அணைத்தபடி.

"ஏன் மாப்பிள்ளை நிறுத்திட்டீங்க? ஏழுலயும் இதுதான் உசத்தி! முதல்ல வழக்கம்போல சாக்ஸைத்தான் ஓட்டையில மாட்டினேன், அஞ்சே நிமிஷத்துல காஞ்சுது. நீங்க காத்தைக் கூட்டினதும் துண்டைப் போட்டேன், விசிறி வச்சதும் போர்வையையே போட்டு மூடிட்டேன். அடுத்த மெஷினுக்கு ஓட்டையை மட்டும் கொஞ்சம் பெருசா அறுத்துடுங்க, மெத்தை உறை ஒண்ணு பாக்கி இருக்கு."