சம்பத் படித்த யானைக் கதை

"அதுக்கின்னா, நானே படிச்சுக் காட்டறேன்" என்று சம்பத் சொன்னபோது ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் அவருடைய தறிகள் எல்லாம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. மனைவி ரோஹிணிக்கு மட்டும் தெளிவாகக் கேட்டுவிட்டது.

விஷயம் இதுதான். பிள்ளைகளுக்கான பழைய மாயக்கதை ஒன்று. மழையைத் தேடி மேகத்துக்கு மேலே போகும் சிறுமியின் கதை. அதைப் படமாக எடுத்து, தெலுங்கு பேசவைத்து, திருப்பதியில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் பவ்யாவுக்கு அதைப் பார்த்தே ஆகவேண்டும். ரோஹிணி திருத்தணிக்காரி, புத்தகப் பைத்தியம். "முதல்ல புக்கு, அப்புறம்தான் படம்" என்று சட்டம் போட்டாள். பொம்மைப் படம் ஒன்றுகூட இல்லாத அந்தத் தமிழ்ப் புத்தகத்துக்குப் பழுப்பு அட்டையும் போட்டு நீட்டினாள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பவ்யாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

சம்பத்துக்கும் வராது. தமிழில் பேசுவார், சண்டை போடுவார், கனவுகூடத் தமிழில்தான் காண்பார். படித்தது மட்டும் தெலுங்குப் பள்ளிக்கூடம். எல்லைப்பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் பெண் பார்க்கப் போன அன்று, அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்த பெண்ணைப் பார்த்த மயக்கத்தில், "நானும் நிறைய படிப்பேன்" என்று அளந்துவிட்டார். பத்து வருஷமாக அந்தப் பொய்யைக் கட்டிக் காத்து வருகிறார். அவள் கண்ணில் தன் மதிப்பு இறங்கிவிடக் கூடாது என்ற பயம். மனைவி மேல் அவ்வளவு ஆசை மனிதருக்கு.

மறுநாள் "திருப்பதில ஒரு பார்ட்டியைப் பாக்கணும்" என்று கிளம்பினார். பார்ட்டி தியேட்டரில் இருந்தது. காலைக் காட்சி. குழந்தைகள் கூட்டத்துக்கு நடுவில் மீசையோடு ஒற்றை ஆளாக உட்கார்ந்து, கதையை வயிறு முட்ட வாங்கிக்கொண்டு திரும்பினார்.

சாயங்காலம் பவ்யாவை மடியில் உட்காரவைத்து, புத்தகத்தைப் பிரித்தார்.

"அந்தப் பொண்ணு மேகத்து மேல ஏறினா. அங்க ஒரு வெள்ளை யானை மேய்ஞ்சுக்கினு இருந்தது."

"மேகத்தையா துன்னுது, நைனா?"

"ஆமா. வாய் நிறைய."

"இன்னா பேசுச்சு?"

"'ரா தல்லி, ரா'ன்னுச்சு." தெலுங்குப் படத்து யானை 'வாம்மா, வா' என்று கூப்பிட்டது அப்படியே வாயில் வந்துவிட்டது.

அடுப்படியில் தோசைக் கரண்டிச் சத்தம் நின்றது. "புக்குல தெலுங்கிலயா போட்டிருக்குது?" என்றாள் ரோஹிணி.

"மேகத்து யானை, ரோஹிணி. அதுக்கு எல்லா பாஷையும் வரும்."

"ஓ. பக்கத்தைத் திருப்புங்க. ரொம்ப நேரமா அதுலயே நின்னுக்கினு இருக்கீங்க."

சம்பத் அவசரமாக நாலு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினார்.

பிறகு தினமும் இதே கூத்துதான். முன்பெல்லாம் மகள் தூங்கின பிறகு வீட்டுக்கு வருகிறவர், தறியை வேலையாள் சின்னசாமியிடம் விட்டுவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கே வந்து நின்றார். யானை அந்தச் சிறுமியிடம் விடைபெற்ற அன்று நைனாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பொய்யாகத் தொடங்கின காரியம் இவ்வளவு இனிக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் படத்துக்குப் போனார்கள். "இப்போ மின்னல் வரும் பாரு" என்று சம்பத் முன்கூட்டியே சொன்னார். மின்னல் வந்தது. "புக்குல அப்படியே இருக்குது" என்று பெருமையடித்தார். ரோஹிணி முறுக்கை நீட்டினாள்.

திரும்பும் பஸ் புத்தூரைத் தாண்டியது. பவ்யா அப்பா மடியில் தூங்கிவிட்டாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?" என்றாள் ரோஹிணி.

"சொல்லு."

"புக்குல யானையே கிடையாதுங்க. ஆமை."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சம்பத் இறங்கினவர் ஏறவில்லை.

"ஆமையா?"

"அது ஊர்ந்துக்கினே போய்ச் சேர்றதுக்குப் பாதி புக்கு ஆவுது. சினிமாக்காரங்களுக்கு ஏது பொறுமை? யானையா மாத்திட்டாங்க."

"அப்போ எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு..."

"நம்ம கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போறதுக்கு முந்தி உங்ககிட்டதானே வந்துச்சு? மாப்பிள்ளை பேரு இருக்கற எடத்துல எங்க நைனா பேரைப் போட்டிருந்தான். நீங்க எல்லாம் சரின்னு, 'அன்னீ கரெக்ட்'டுன்னு தெலுங்குல எழுதி அனுப்பிட்டீங்க. நான் பாக்காம விட்டிருந்தா எங்க அம்மா கதி இன்னா ஆவறது?"

சம்பத்துக்குக் காது சிவந்தது. "தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கினே?"

"என்னைப் புடிச்சுப் போய்த்தானே பொய் சொன்னீங்க. எவன் சொல்லுவான் அப்படி?" அவள் குரல் இறங்கியது. "இந்த யானையால பொழுதோட வீட்டுக்கு வந்தீங்க. பொண்ணு உங்க மடியில உக்காந்தா. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலீங்க."

சம்பத் தூங்கும் மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். பத்து வருஷப் பாரம் இறங்கிவிட்டது. இப்படி ஒருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று நினைத்தபடி, கையை நீட்டி அவள் கையைத் தேடினார். நீட்டின கையில் ரோஹிணி ஒரு தடிப் புத்தகத்தை வைத்தாள்.

"இது ரெண்டாம் பாகம். நாளையிலருந்து நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள். "இதை இன்னும் யாரும் படமா எடுக்கலீங்க."