முதல் பதிப்பு நாகப்பன்

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு தன் காலாலேயே பிரேக் போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் ரசம் வந்ததும் எழுந்துபோய்ச் சமையல்காரரைத் தேடுகிறவரையும் பார்த்திருப்பீர்கள். அவர்களெல்லாம் சாதுக்கள். இன்று நாம் பிடித்துவந்து மேஜைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கப்போவது வேறு தினுசு. இவருக்கு 'முதல் பதிப்புக்காரர்' என்று பெயர்.

எந்தப் புத்தகமானாலும் சரி, அட்டையில் 'திருத்திய இரண்டாம் பதிப்பு' என்று போட்டிருந்தால் இவருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். உள்ளே புரட்டிப் பார்த்தாரா? சேச்சே! படித்துவிட்டுத் திட்ட யாரால் முடியாது? படிக்காமல் திட்டுவதற்குத்தான் தனித் திறமை வேண்டும்.

உதாரணத்துக்கு நம்ம பென்னலூர் நாகப்பனையே எடுத்துக்கொள்வோம். லேத் மெஷினில் வேலை. கை சுத்தம், வாய் நீளம். கம்பெனியில் ஏதாவது ஒரு பீஸுக்கு டிராயிங் மாறி வந்தால், புது டிராயிங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, நாக்கால் 'த்சு' கொட்டி, "பழசுல ஒரு களை இருந்திச்சி சார், இதுல இன்னா கீது?" என்று சூப்பர்வைசரைக் கேட்பார். கேட்டுவிட்டுப் புது டிராயிங்படிதான் கடைவார். ஆனால் கேட்காமல் கடைந்தால் அவருக்கு மதியச் சோறு இறங்காது.

இப்பேர்ப்பட்ட மனிதர் கையில் ஒரு விளையாட்டுப் புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும்?

இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஸ்ரீபெரும்புதூர் தேரடிப் பக்கத்தில் சசிரேகா நடத்திவரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைப் சத்தம் கேட்காது. மெஷின்களுக்கெல்லாம் உறை மாட்டிவிட்டு, நடு மேஜையில் நாலு பேர் 'எட்டுக் கோட்டை' ஆடுவார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன அச்சகக்காரர் தானே யோசித்துத் தானே அச்சடித்த ஆட்டம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒரு புத்தகம், ஒரு பகடை, மீதியெல்லாம் வாய். ஆளுக்கொரு வேஷம். சசிரேகா நடுவர். அவர், "காட்டுப் பாதை, எதிர்ல புலி, இன்னா பண்ணப் போறீங்க?" என்பார். நீங்கள் செய்யப்போவதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண்ணுக்குத் தகுந்தபடி புலி ஓடும், அல்லது உங்களைச் சாப்பிடும். ஒவ்வொருவருக்கும் இத்தனை உயிர் என்று கணக்கு. அது பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் காலி. உங்கள் வேஷத்தின் பெயரெழுதிய சீட்டைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள். அப்புறம் நீங்கள் சுமைகூலியாகப் பிறந்து, அடுத்தவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வரவேண்டியதுதான்.

நாகப்பனின் வேஷம் படைத்தலைவர் கருடராயன். சுமைகூலியில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஞாயிறாகத் தேறி, குதிரை வாங்கி, வாள் வாங்கி, ஆறு கோட்டை பிடித்த மகானுபாவன். கம்பெனியில் நாகப்பனை 'ஏய், மூணாம் நம்பர் மெஷின்' என்றுதான் கூப்பிடுவார்கள். தேரடியில் அவர் கருடராயன். லீலா, அதாவது அவர் சம்சாரம், குழம்பில் உப்பு குறைச்சல் என்று அவர் சொன்னால், "படைத்தலைவரே, எழுந்து போய்ப் போட்டுக்கங்க" என்பாள். அவருக்கு அதிலும் ஒரு சந்தோஷம். பட்டத்தோடுதானே கூப்பிட்டாள்!

அந்த நிம்மதியில்தான் எல்லப்பன் மண்ணைப் போட்டார். எல்லப்பன் கம்பெனி பஸ் டிரைவர். ஆட்டத்தில் ஒற்றன். புதுசு என்றால் எதுவானாலும் பிடிக்கும், காய்ச்சல் புதுசாக வந்தால்கூட ஒரு தடவை வந்து பார்க்கட்டுமே என்கிற ரகம். அவர் காஞ்சிபுரம் போனவர், நீல அட்டை போட்ட திருத்திய இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"நைனா, எல்லாத்தையும் மாத்திக்கீறான்பா! செம்மையா கீது!"

நாகப்பன் புத்தகத்தைத் தொடவில்லை. பென்சில் நுனியால் ஒரு தள்ளு தள்ளினார்.

"இத்தைத் தொட்டா கை கழுவணும். பழைய ரோஸ் அட்டையில இருந்த லட்சணம் இதுல கீதா? இன்னா கலர் இது, கம்பெனி யூனிபாரம் மாதிரி?"

"அட்டையை வுடு, உள்ள பாரேன்."

"உள்ள வேற பாக்கணுமா? வெளியவே தெரியுதே!"

அன்றைக்கு மேஜையில் நாலு பேருக்கு நாலு அபிப்பிராயம். எல்லப்பனுக்குப் புதுசுதான் வேண்டும். சசிரேகாவுக்குப் பழசு மனப்பாடம், புதுசில் எழுத்து பெரிசு, இரண்டும் பிடித்திருந்தது, இரண்டும் பிடிக்கவில்லை. வைத்தியச்சி வேஷம் போடும் ஷெர்லின், கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிற பெண், காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வருகிறவள், "எதுவா இருந்தா என்னண்ணே, ஆடலாம் வாங்க" என்றாள். முடிவு செய்தது யார்? பகடை! அது நாகப்பன் தன் கையால் பித்தளையில் கடைந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து நின்றார். உடனே மேஜைக்கு ஒருமித்த கருத்து உண்டாகிவிட்டது. பழைய ரூல்தான்.

இதோடு நின்றிருந்தால் அவர் சாதாரண முதல் பதிப்புக்காரர். ஆனால் இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. மறு வாரமே நாகப்பன் காஞ்சிபுரம் போய், யாருக்கும் தெரியாமல் அந்த நீல அட்டையை ஒன்று வாங்கிவந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று படிக்க ஆரம்பித்தார். இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? லீலா மாவு மில்லில் சொன்னாள். மாவு மில்லில் சொன்னது அரைபடாமல் வெளியே வராதுதான். ஆனால் வந்துவிடும்.

குறை கண்டுபிடிக்கத்தான் படித்தார். அப்படித்தான் லீலாவிடமும் சொன்னார். படிக்கப் படிக்க, "அட, இது நல்லாக்கீதே" என்று தோன்றும் இடத்திலெல்லாம் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிட்டார்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றைக் கடக்கும் கட்டம். ஷெர்லினின் வைத்தியச்சி நாச்சியாள் பகடையை உருட்டினாள். ஒன்று. வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. உயிர் பூஜ்யம்.

எல்லப்பன் சொன்னார்: "புது ரூல்ல பாத்தா இவ சாகலப்பா. மூர்ச்சைதான்."

"இன்னாது, மூர்ச்சையா?" நாகப்பன் சிரித்த சிரிப்பில் டைப்ரைட்டர் உறைகள் ஆடின. "ஆத்துல போனவ போனவதான். செத்தவனெல்லாம் எழுந்து வந்தா அப்புறம் ஆட்டத்துல இன்னா பயம் கீது? ரூல்னா ரூல் பாப்பா, மன்சுல வெச்சிக்காத."

சொல்லிவிட்டு நாச்சியாளின் சீட்டைத் தானே கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டார். அதுவும் நாலாக. இரண்டாகக் கிழித்தால் போதாதா? ஷெர்லின் சுமைகூலிச் சீட்டை எடுத்துக்கொண்டாள். அன்றைக்குக் கருடராயனின் கூடாரத்தை, கொப்பரையை, குதிரைக்கான கொள்ளு மூட்டையை அவள்தான் சுமந்தாள்.

வந்தது ஏழாவது கோட்டை. கருடராயன் ஏணி போட்டு மதிலேறினான். நாகப்பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மேலேயிருந்து எதிரிகள் கொதிக்கிற எண்ணெயைக் கவிழ்த்தார்கள். தப்பிக்கப் பகடை உருட்ட வேண்டும். தன் கையால் கடைந்த பகடை; அளவு சுத்தம், பட்டை சுத்தம், பாரபட்சம் கிடையாது. உருண்டு, உருண்டு, ஒன்றில் நின்றது.

"உயிர் பூஜ்யம் நாகப்பன்" என்றார் சசிரேகா. "கருடராயன் அவுட்டு."

எல்லப்பன் சீட்டைக் கிழிக்கக் கை நீட்டினார். நாகப்பன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். ஆறு கோட்டை, குதிரை, வாள், படைத்தலைவர் பட்டம் எல்லாம் அந்தக் கைக்கு அடியில் இருந்தது.

"இரு நைனா... டீச்சர், ஒரு நிமிஷம். எண்ணெ ஊத்தினா ஆளு ஒடனே செத்துடுவானா? மயக்கம்தானே போடுவான்?"

"பழைய ரூல்ல மயக்கமே கிடையாதே" என்றார் சசிரேகா.

"பழசுல இல்லீங்க. அம்பத்திரண்டாம் பக்கம், நட்சத்திரம் போட்டு அடியில பொடி எழுத்துல கீது பாருங்க."

எல்லப்பன் நீல அட்டையையும் நாகப்பனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நைனா" என்றார் எல்லப்பன், மிகவும் மெதுவாக. "தொட்டா கை கழுவணும்னு சொன்னியே."

"தொடலப்பா! எவனோ சொன்னான்."

"பொடி எழுத்தைக்கூட எவனோ சொன்னானா? நானே அத்தை இன்னும் படிக்கலப்பா!"

நாகப்பன் வழக்கை மாற்றினார். "கம்பெனியில அளவு தப்பின பீஸைக்கூட இந்த ஒரு தடவைக்குன்னு டீவியேஷன் குடுத்து அனுப்பறாங்களா இல்லியா? அது மாதிரி வெச்சிக்கலாமே."

"அண்ணே" என்றாள் ஷெர்லின், "டீவியேஷனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஒத்துக்கணும்."

சசிரேகா நீல அட்டையைப் பிரித்து வாசித்தார். "'மூர்ச்சையானவர், உடன் வரும் வைத்தியர் மருந்திட்டால் மட்டுமே எழுவார்.' சரி. வைத்தியர் யாரு?"

எல்லோரும் ஷெர்லினைப் பார்த்தார்கள். நாகப்பனும் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஜன்னல் ஞாபகம் வந்தது.

"நான் சுமைகூலிதானேண்ணே. எனக்கு மூட்ட தூக்கத்தான் தெரியும். வேணும்னா கருடராயரைத் தூக்கிக்கினு போய்ப் பொதைச்சிட்டு வரேன்."

இங்கேதான் நீங்கள் நம் ஆளைப் பார்த்திருக்க வேண்டும். ஆற்றில் போனவள் போனவள்தான் என்று முழங்கிய அதே வாய், ஆற்று வெள்ளத்தின் கருணையைப் பற்றி, கரையோர நாணலைப் பற்றி, பெண்களுக்கு இயற்கையாகவே உள்ள மூச்சுக் கட்டும் சக்தியைப் பற்றிப் பேசியது பாருங்கள்!

"தண்ணி கரையில ஒதுக்கியிருக்கும் பாப்பா. சீட்டுதானே கிழிஞ்சிது, ஆளா கிழிஞ்சா?"

"நானும் மூர்ச்சைன்னா, எனக்கு யாரு மருந்து குடுத்தாங்க?"

"மறுபக்கம் மூணாவது வரி. வைத்தியரு வுயுந்தா தன் மருந்தால தானே எயுந்துக்கலாம்."

"மனப்பாடம்!" என்று எல்லப்பன் மேஜையைத் தட்டினார். "டீச்சர், இவரு புக்கையே முழுங்கிக்கீறாரு!"

ஷெர்லின் ஒரு புதுச் சீட்டெடுத்து நிதானமாக 'நாச்சியாள்' என்று எழுதி முன்னால் வைத்தாள்.

"நாச்சியா எழுந்துட்டா. ஆனா மருந்து தரலாமா வேணாமான்னு யோசிக்கிறா. ரெண்டு விஷயம்ணே. இனிமே மேஜையில இந்த நீல புக்குதான். அப்புறம், எட்டாவது கோட்டை வரைக்கும் என் மருந்து மூட்டைய ஒருத்தரு தூக்கணும்."

"படைத்தலைவர் மூட்டை தூக்கலாமான்னு ரூல்ல..."

"எத்தனாம் பக்கம்ணே?"

நாகப்பன் மூட்டைக்குத் தலையாட்டினார். கருடராயன் பிழைத்தான். எட்டாவது கோட்டைக்குள் வெற்றி முரசோடு அவர்கள் நுழைந்தபோது, முன்னால் நாச்சியாள் குதிரையில் போனாள், பின்னால் மருந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படைத்தலைவர் நடந்துவந்தார். திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் எல்லப்பன் கண்ணாடி வழியாகப் பார்த்து, "மூட்டை வைக்கிறவங்க பின்னால வெச்சிடுங்க" என்று குரல் கொடுத்தபோது, மூட்டையே இல்லாத நாகப்பன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருந்தினாரா என்கிறீர்கள். திருந்தாமல் என்ன? இப்போது தேரடியில் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு அவர்தான் பாடம் எடுக்கிறார். "ரெண்டாம் பதிப்புதான்பா பதிப்பு. மொதல்ல போட்டது சும்மா வெள்ளோட்டம்." ரோஸ் அட்டையை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று லீலாவைக் கேளுங்கள், ஆடுகிற கட்டில் காலைக் காட்டுவாள்.

போன வாரம் எல்லப்பன் காஞ்சிபுரத்திலிருந்து சேதி கொண்டுவந்தார். அச்சகக்காரர் மூன்றாம் பதிப்புக்குக் காகிதம் வாங்கியிருக்கிறாராம். இன்னும் ஒரு எழுத்துக் கோக்கவில்லை. நாகப்பனின் மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"கெடுத்துடுவானுங்க. நீல அட்டையில இருந்த லட்சணம் அதுல வருமா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படியில்லை, புது பஸ் நேரத்தை, புது மேனேஜரை, புது மருமகளை எல்லாம் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் அபிப்பிராயம் சொல்கிறவர். தெரியும். இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு, ரூல்னா ரூல் என்று சொல்லி நீங்கள் நாலாகக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே போட்ட சீட்டில் யார் பெயர் இருந்தது என்று கொஞ்சம் ஞாபகப்படுத்தி வையுங்கள். மதில்மேல் உங்களுக்கான எண்ணெய் ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருக்கலாம்.