நுனி இல்லாத கடல் நத்தை

அறிவியல் படித்தவர்களுக்குப் பயம் வராது என்று சொல்பவர்கள், கரண்ட் போன வீட்டில் ஒரு புதைபடிவத்தோடு தனியாக உட்கார்ந்து பார்த்ததில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் நிலவியல் ஆய்வு மாணவி. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் கிடைத்த ஒரு கடல் நத்தையை விவரித்து எழுதும் வேலையை என் நெறியாளர் என்னை நம்பிக் கொடுத்திருந்தார். (மனுஷன் வேறு தப்பே செய்ததில்லை.) கட்டைவிரல் அளவுதான், முழுக்கக் கல். அந்த இனத்தில் சேதமில்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான். எத்தனை சுற்று, வாய் என்ன வடிவம், நுனி எவ்வளவு கூர்மை என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும்.

விடுமுறை என்பதால் அதைப் பஞ்சில் பொதிந்து இலுப்பூர் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, மணமேல்குடி மாமா அன்று காலையில்தான் கடற்கரையில் பொறுக்கிய சங்கும் சிப்பியும் ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டில் கல் நத்தையை வைத்தேன், வாய் மேலே பார்க்கும்படி.

மத்தியானமே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. உள்ளே அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த நத்தை உயிரோடு ஊர்ந்ததைப் பார்த்த கண் ஒன்றுகூட இப்போது உலகத்தில் இல்லை என்று தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டாம்.

ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். நத்தையின் வாய் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

நான்தான் தட்டிவிட்டிருப்பேன் என்று நிமிர்த்தி வைத்துவிட்டு, மெழுகுவர்த்தி தேடி அடுப்படிக்குப் போனேன். அங்கே நிற்கும்போது கேட்டது. எவர்சில்வரில் நகம் கீறுவது போல, மெதுவாக, விட்டு விட்டு. வந்து பார்த்தால் நத்தை தட்டின் விளிம்புக்குப் போயிருந்தது.

நெறியாளருக்கு போன் செய்தேன். "சார், நத்தை நகருது."

அவர் நிதானமாகக் கேட்டார்: "அது செத்துப் பல கோடி வருஷம் ஆச்சும்மா. நீ மத்தியானம் சாப்பிட்டியா?"

என் குரல் கேட்டு அம்மா எழுந்து வந்தாள். இரண்டு பேரும் அறை வாசற்படியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தச் சாம்பல் வெளிச்சத்தில், கல் கிடந்த இடத்திலிருந்து ஒரு கால் நீண்டது. பிறகு இன்னொன்று.

"உசுரு வந்துருச்சுடி. நீ அங்கிட்டுத் தள்ளி நில்லு" என்றாள் அம்மா. அந்தோணியாரை வேண்டிக்கொண்டே விளக்குமாற்றை எடுத்தாள். (நான் தடுத்தேன் என்று எழுத ஆசைதான். "நல்லா அடிம்மா" என்றுதான் சொன்னேன்.)

தட்டு பறந்தது. கல் சுவரில் மோதி விழுந்தது. கரண்ட் வந்தது.

மேசையின் மேல் மாமா கொடுத்த சங்குகளில் ஒன்று நடந்து போய்க்கொண்டிருந்தது. காலிச் சங்குக்குள் குடியேறும் நண்டு. அதுதான் இவ்வளவு நேரமும் கல்லைப் புரட்டித் தள்ளிக்கொண்டு, அதன் பின்னால் நின்றிருக்கிறது. நத்தையின் நுனி மட்டும் தரையில் சுண்ணாம்புத் தூளாகக் கிடந்தது.

மறுநாள் நெறியாளர் முன்னால் அழுதுகொண்டே நின்றேன். லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பாக்குறத எழுதும்மா" என்றார்.

"நுனி ஏன் இல்லைன்னு கேப்பாங்களே சார்?"

"அதையும் எழுது."

எழுதினேன். கட்டுரை ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. "விவரிக்கும்போது நுனி சேதமடைந்தது" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எப்படி என்று ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். இன்றுவரை என்னால் பதில் போட முடியவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டுகிறாள். ஆங்கிலம் தெரியாதவள், அந்த வரியில் மட்டும் சரியாக விரலை வைப்பாள்.

"மத்ததெல்லாம் இவ எழுதுனது. இது என்னோடது."