ட்ரையல் அங்கிள் பெரு போன கதை

மற்றவர்கள் ஒரு முறை வாழ்கிற வாழ்க்கையை இரண்டு முறை வாழ்ந்தவர் எங்கள் ட்ரையல் அங்கிள். முதல் முறை ஒத்திகை. இரண்டாவது முறைதான் நிஜம். இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரே ஒரு தடவைதான் அடி விழுந்தது. அதுவும் விழக்கூடாத இடத்தில்.

மில்பிடாஸில் எங்களுக்குக் கீழ்வீட்டில் அவரும் ஆன்ட்டியும் இருந்தார்கள். என் மகளின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கதவைத் தட்டினார்.

“அங்கிள், பார்ட்டி நாளைக்கு.”

“தெரியும்மா. மாடிப்படில லைட் எரியுதான்னு பாக்க வந்தேன். ஆன்ட்டிக்கு முழங்கால் சரியில்லையோல்லியோ?”

வந்தவர் சோபாவில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். “ரொம்பப் பள்ளமா இருக்கு. நாளைக்கு ஆன்ட்டிக்கு ஒரு மரச்சேர் போட்டுடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு என் மகள் வைத்த பெயர்தான் ட்ரையல் அங்கிள். பிறகு அந்தக் குடியிருப்பில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தேவைப்படவில்லை.

சான் ஹோசேயில் சிப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை பார்த்தவர். சோதித்துப் பார்க்காத எதையும் வாசலைத் தாண்ட விடக்கூடாது என்பது ஆபீஸ் விதி. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சனிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே போய், செருப்பு விடும் இடத்திலிருந்து சன்னதி வரை வெறுங்காலோடு நடந்து, தரை சுடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். டெக்சாஸில் காப்பெல்லில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். காரின் பின்சீட்டில் ஒரு சோனா மசூரி அரிசி மூட்டையை வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டு, ஆஸ்பத்திரி வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார்.

“மாமா, மூட்டைய அட்மிட் பண்ணணும்னா இன்ஷூரன்ஸ் கார்டு கேப்பாங்க” என்றாராம் மாப்பிள்ளை.

ஆன்ட்டி இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார். “எங்க கல்யாணத்துக்கு முந்தின நாளே மண்டபத்துக்கு வந்து மணையில உக்காந்து பாத்தார். எங்கப்பா, மாப்பிள்ளைக்கு அவசரம் போலன்னு நெனச்சுண்டார்.”

கல்யாணத்துக்கு முன்னால் ஆன்ட்டி மதுரையில் பூகோள டீச்சர். ஆண்டிஸ் மலைத்தொடரைக் கலர் சாக்பீஸில் கரும்பலகையில் வரைந்து வரைந்து கை பழகியவர். பார்க்காத மலையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோமே என்கிற குறை அவருக்கு உண்டு. பெருவுக்குப் போய், அந்த மலைமேல் இருக்கும் பழைய நகரமான மச்சு பிச்சுவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஆன்ட்டி தனக்கென்று கேட்டது அது ஒன்றைத்தான்.

கிரீன் கார்டு வரட்டும் என்றார் அங்கிள். நாட்டை விட்டு வெளியே போய், திரும்பி வரும்போது விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பயம். அந்த பயத்தில் நியாயம் உண்டு. எங்கள் தெருவில் பாதிப்பேர் அதே பயத்தோடுதான் இருந்தோம். ஆனால் கார்டு வருவதற்குள் ஆன்ட்டியின் முழங்கால் தேய்ந்துவிட்டது.

ஒருவழியாகக் கார்டு வந்து, அங்கிள் ரிட்டயர் ஆகி, இருவரும் பெரு கிளம்பினார்கள். மற்றவர்கள் பத்துப் பதினைந்து நாளில் முடிக்கிற பயணம் இவர்களுக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் நீண்டது. காரணம் எளிது. எந்த இடமானாலும் முதல் நாள் அங்கிள் தனியாகப் போவார். அடுத்த நாள்தான் ஆன்ட்டியைக் கூட்டிப் போவார்.

சாயங்காலங்களில் ஆன்ட்டி வீடியோ காலில் வருவார். டிடிகாகா ஏரியில் கோரைப்புல்லால் கட்டிய மிதக்கும் தீவுகள் இருக்கின்றன. தரை தாங்குமா என்று பார்க்க, அங்கிள் அங்கே போய்த் தொம் தொம்மென்று குதித்திருக்கிறார். அந்தத் தீவுப் பெண்கள் அதை ஒரு நடனம் என்று நினைத்துக் கைதட்டினார்களாம். மலைமேல் இருக்கும் குஸ்கோ நகரத்தின் உயரம் ஆன்ட்டிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க முன்னால் போனவர், தலைசுற்றிப் படுத்துவிட்டார். ஆன்ட்டி பஸ் பிடித்துப் போய் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஆன்ட்டிக்கு ஒரு சின்னத் தலைவலிகூட இல்லை.

கடைசியில் மச்சு பிச்சு. மலையடிவாரத்து ஊரில் தங்கினார்கள். அன்று பளிச்சென்று வெயில்.

“நானும் இன்னிக்கே வரேனே. வானம் எவ்ளோ நன்னா இருக்கு!” என்றார் ஆன்ட்டி.

“படியெல்லாம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன். உனக்கு டிக்கெட்டே நாளைக்குத்தான். நிதானமா போலாம்.”

தனக்கு மட்டும் முதல் நாளைக்கும் ஒரு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். மேலே போய் எல்லாவற்றையும் பார்த்தார். எந்தப் படி உயரம், எங்கே பிடித்துக்கொள்ளச் சுவர் உண்டு, எங்கே உட்காரலாம் என்று மனதில் பதித்துக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடே இல்லை. அவ்வளவு மேகமூட்டம். இருந்தாலும் போனார்கள். அங்கிள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டே போயிருக்கிறார்.

“இது ஒசரமான படி, பாத்து. இப்ப வலது பக்கம் பாரு. அடுக்கடுக்கா இறங்கறது பார், அதான் அந்தக் காலத்து மனுஷா பயிர் வெச்ச இடம்.”

“எங்கே?”

“அதோ, வெள்ளையா இருக்கே. அதுக்குப் பின்னாடி.”

“எல்லாமே வெள்ளையாத்தான் இருக்கு.”

மூட்டத்துக்குள்ளிருந்து, ஒட்டக ஜாடையில் இருக்கும் லாமா என்கிற மிருகம் ஒன்று மட்டும் வெளியே வந்து ஆன்ட்டியை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. உள்ளே இருக்க அனுமதித்த நேரம் முடிகிறவரை நின்றார்கள். மேகம் விலகவில்லை. அடுத்து வந்த நாட்களுக்கு அங்கிள் காலையும் மாலையும் கவுன்ட்டரில் வரிசையில் நின்று பார்த்தார். டிக்கெட் கிடைக்கவில்லை. ஊர் திரும்பும் நாளும் வந்துவிட்டது.

திரும்பி வந்த அங்கிள் வேறு மனிதர். முந்தின நாள் எங்கேயும் போவதில்லை. “அடுத்த வருஷம் மறுபடி போறோம். நேரா ரெண்டு பேரும் சேர்ந்து மேலே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் ஆன்ட்டிக்கு இதயத்தில் பிரச்சினை வந்தது. உயரமான இடத்துக்கெல்லாம் இனி போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பெல்லில் மகளோடு போய் இருப்பது என்று முடிவானது.

கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள். மாடிப்படியை ஆன்ட்டி நின்று நின்று ஏறினார். புதிதாகக் குடிவந்திருந்த பையன் ஒருவனும் பந்தியில் இருந்தான். பெருவுக்குப் போக பிளான் பண்ணிக்கொண்டிருந்தான்.

“அங்கிள், மச்சு பிச்சு எப்படி இருந்துச்சு?”

“ஒண்ணும் தெரியலைப்பா. ஒரே மூட்டம்.”

ஆன்ட்டி தட்டிலிருந்து நிமிர்ந்தார். “ஏன் பொய் சொல்றேள்? முந்தின நாள் வெயில்ல போய் முழுசாப் பாத்துட்டு வந்தேளே. எத்தனை போட்டோ எடுத்தேள்! அதையெல்லாம் எங்கே காணோம்?”

“அழிச்சுட்டேன்.”

“எதுக்கு?”

“அது ட்ரையல். பாத்த கணக்குல சேராது.”

 ஆன்ட்டி தன் தட்டிலிருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து அவர் பக்கம் வைத்தார்.

“சரி. அப்போ ரெண்டு பேருமே பாக்கலை. சாப்பிடுங்கோ.”